முயலுக்கு முடி கொட்டுகிறதா? முதலில் இடத்தைப் பாருங்கள், பிறகு மருந்தைத் தேடுங்கள்!

வீட்டில் வளரும் முயலுக்கு முடி கொட்டத் தொடங்கிவிட்டால் போதும். அக்கம்பக்கத்தில் நான்கு வைத்தியர்கள் உருவாகிவிடுவார்கள்.

"வேப்பெண்ணெய் தடவு" என்பார் ஒருவர். "நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தை இதற்கும் அடி" என்பார் இன்னொருவர். "மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் கொஞ்சம் வாங்கிப் போட்டுவிடு" என்பார் மூன்றாமவர். "வெயில் சூடு அப்பா, தானே சரியாகிவிடும்" என்பார் நான்காமவர்.

நால்வரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நான்கில் ஒன்று முயலின் உயிரையே வாங்கிவிடும். இன்னொன்று அளவு தப்பினால் ஆபத்து. மற்ற இரண்டும் நோயை வளரவிட்டு வேடிக்கை பார்க்கும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. முயல் வைத்தியத்தில் அந்தச் சாதனை உதவாது. முயலுக்கு முடி கொட்ட ஒரு காரணம் அல்ல, பத்துக் காரணங்கள் உண்டு. ஒன்றுக்கு ஆன மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முடி எந்த இடத்தில் முதலில் கொட்டியது என்று பார்ப்பதே அந்த வழி.

குளிர் நாட்டுப் பிராணி

சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலைகளில் வேலை பார்ப்போர், திருப்பதியில் விடுதிகளிலும் கடைகளிலும் கணக்கு எழுதுவோர், ரேணிகுண்டா பக்கம் குடியிருப்போர் என்று தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வாழ்கின்றன. ஆடு மாடு கட்ட இடம் இல்லாத வீட்டிலும் ஒரு முயல் கூண்டுக்கு இடம் கிடைத்துவிடும். மொட்டை மாடியின் ஒரு மூலை போதும். குழந்தைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு, சில வீடுகளில் கைச்செலவுக்குச் சிறு வருமானம்.

கூண்டில் வளரும் முயலும் நம் காட்டு முயலும் ஒன்று அல்ல. கூண்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் இருக்கும் ஐரோப்பாவின் மேற்குக் கோடி. நம் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இரு நிலையங்களும் மலைமேல் இருப்பது தற்செயல் அல்ல. ஒன்று கொடைக்கானல் மலையில் மன்னவனூர். மற்றொன்று நீலகிரியில் சாண்டிநல்லா. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்செல்லா போன்ற இனங்களுக்கு அந்தக் குளிர் ஏற்றது.

அதே முயல் திருப்பதியின் மே மாத வெயிலில், நாற்பது டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில், தகரக் கூரையின் கீழ் இருந்தால் என்ன ஆகும்? முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் நீண்ட காதுகளின் வழியாகவே அது வெளியேற்ற வேண்டும். சூட்டில் வாடிய முயல் தீனியைக் குறைக்கும், இளைக்கும், எதிர்ப்புச் சக்தியை இழக்கும். ஓரிரு பூச்சிகளோடு காலம் தள்ளிக்கொண்டிருந்த தோலில் அப்போது பூச்சிகள் பெருகிவிடும். கூண்டில் நிழலும் காற்றும் இருந்தால் பாதி நோய் வராது.

நோய் அல்லாத முடி உதிர்வு

முடி கொட்டுவதெல்லாம் நோய் அல்ல. இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

முயல் அவ்வப்போது பழைய முடியை உதிர்த்துப் புது முடி வளர்க்கும். அப்போது கூண்டெங்கும் பஞ்சு பறப்பது போல் இருக்கும். முடியை விலக்கிப் பாருங்கள். தோல் சுத்தமாக, பொருக்கு இல்லாமல், அடியில் புது முடி முளைத்திருந்தால் கவலை வேண்டாம். அந்த நாட்களில் தினமும் சீவி விட்டால் போதும். இல்லாவிட்டால் முயல் தன்னை நக்கும்போது முடியை விழுங்கி வயிற்றை அடைத்துக்கொள்ளும்.

பெட்டை முயல் தன் மார்பிலும் வயிற்றிலும் உள்ள முடியைத் தானே பிடுங்கினால், அது குட்டி போடத் தயாராகிறது என்று பொருள். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஒரு பெட்டியும் கொஞ்சம் வைக்கோலும் வைத்தால் தாய் முடியால் மெத்தை அமைத்துவிடும். சினை இல்லாமலே சினை பிடித்தது போல் நடந்து முடி பிடுங்குவதும் உண்டு. அந்தப் பொய்ச் சினை பதினாறு பதினெட்டு நாளில் கலைந்துவிடும். இதற்கு மருந்து தேடுவது வீண் செலவு.

ஒரே கூண்டில் பல முயல்களை அடைத்தால் ஒன்றின் முடியை ஒன்று கடித்துத் தின்னும். நார்ச்சத்து குறைந்த தீனி போட்டாலும் இதே கதைதான். காய்ந்த புல், கடலைக்கொடி, வேலிமசால் என்று நார் உள்ள தீனியைக் கூட்டிக் கூண்டைப் பிரித்தால் வழக்கம் நின்றுவிடும். கடலைக்கொடியில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் கையால் தொடாதீர்கள். அந்த நஞ்சை முயலின் ஈரல் தாங்காது.

காதில் பொருக்கு

இனி நோய்களைப் பார்ப்போம்.

முயல் அடிக்கடி தலையை உதறுகிறதா? பின்காலால் காதைச் சொறிகிறதா? ஒரு காது தொங்குகிறதா? காதின் உட்புறம் பாருங்கள். பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டியிருந்தால் அது காதுச் சொறி. சொரோப்டிஸ் என்னும் மிகச் சிறிய பூச்சியின் வேலை. இது தோலைத் துளைப்பதில்லை. மேலேயே இருந்து குத்தித் தோலைப் புண்ணாக்கும். வடியும் நீர் காய்ந்து பொருக்காகும்.

இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். குச்சியில் பஞ்சைச் சுற்றிப் பொருக்கைப் பெயர்த்து எடுக்கிறார்கள். அதன் அடியில் பச்சைப் புண் இருக்கிறது. பெயர்த்தால் முயலுக்குத் தாங்க முடியாத வலி, ரத்தம், சில நேரம் சீழ். பூச்சியைக் கொல்லும் மருந்து கொடுத்துவிட்டால் பொருக்கு தானாகவே கழன்று விழும். கவனிக்காமல் விட்டால் சீழ் உள்காது வரை போகும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பிறகு நேராக்குவது கடினம்.

மூக்கில் வெள்ளைப் பொருக்கு

மூக்கு நுனி, உதடு, கண்ணோரம், காதின் விளிம்பு, கால் விரல். இந்த இடங்களில் சாம்பல் பூசியது போல் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் அது சார்கோப்டிஸ் சொறி. இந்தப் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அரிப்பு கடுமையாக இருக்கும். முயல் சொறிந்து சொறிந்து முன்காலும் புண்ணாகிவிடும். உதட்டில் பொருக்கு ஏறினால் தின்ன முடியாது. தின்னாத முயல் சில வாரங்களில் எலும்பும் தோலுமாகிச் செத்துவிடும். வீட்டு முயல்களை அதிகம் கொல்லும் தோல் நோய்களில் இது ஒன்று.

இந்தப் பூச்சி மனிதருக்குத் தெரியவந்த கதை சுவையானது. 1687இல் இத்தாலி நாட்டு டாக்டர் போனோமோ, செஸ்டோனி என்னும் மருந்துக் கடைக்காரரோடு சேர்ந்து, சொறி பிடித்தவர் தோலிலிருந்து ஒரு சிறு பூச்சியை எடுத்துப் பூதக் கண்ணாடியில் பார்த்தார். ரத்தம் கெட்டதால் சொறி வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பூச்சியால் வருகிறது என்று அவர்கள் எழுதினார்கள். உலகம் அதை ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. "ரத்தம் கெட்டுப் போச்சு" என்று முயலுக்குப் பத்தியம் போடுபவர் இன்றும் உண்டு!

வட்ட வட்டமாகச் சொட்டை

தலையிலோ காதிலோ காலிலோ வட்டமாக முடி கொட்டி, ஓரத்தில் முடி ஒடிந்து, தவிடு போல் செதில் எழுந்தால் அது படர்தாமரை. பூச்சி அல்ல, காளான் இனம். குட்டிகளுக்கு அதிகம் வரும். நெருக்கமும் ஈரமும் இதற்குப் பிடித்தவை. வடகிழக்குப் பருவ மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூண்டு காயாமல் இருந்தால் விரைவில் பரவும்.

சொறிக்குப் போடும் ஊசி இதற்குப் பயன்படாது. பூச்சி மருந்து காளானைக் கொல்லாது. மருந்துக் கடையில் "படைக்குக் களிம்பு" என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கிடைக்கும். அது அரிப்பை இரண்டு நாள் அடக்கும். பிறகு படை முன்பைவிட அகலமாகப் படரும். மனிதருக்கே இந்தக் கதி என்றால் களிம்பை நக்கித் தின்னும் முயலுக்குக் கேட்க வேண்டுமா?

நகரும் பொடுகு

தோள்களுக்கு நடுவிலும் முதுகிலும் பொடுகு விழுகிறதா? கறுப்புத் துணியோ கறுப்புக் காகிதமோ விரித்து, அதன்மேல் முயலை வைத்துச் சீப்பால் சீவுங்கள். விழுந்த பொடுகைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். சில பொடிகள் மெல்ல நகர்ந்தால் அது பொடுகு அல்ல, செய்லெட்டியெல்லா என்னும் முடிப்பூச்சி. காசு செலவில்லாத பரிசோதனை இது. முயலைத் தூக்கி வைத்திருந்தவர் கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பதற்கும் சில சமயம் இதுவே காரணம்.

குதிகாலில் புண்

பின்காலின் அடிப்புறத்தில் முடி தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணானால் எந்தப் பூச்சியையும் குற்றம் சொல்ல வேண்டாம். குற்றவாளி கூண்டின் கம்பித் தரை.

நாய், பூனைக்கு இருப்பது போல் முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது. முடிதான் செருப்பு. கனத்த உடம்போடு நாள் முழுதும் கம்பியில் உட்கார்ந்தால் அந்தச் செருப்பு தேய்ந்துவிடும். ஈரமும் சிறுநீரும் சேர்ந்தால் புண் எலும்பு வரை இறங்கும். கூண்டின் ஒரு பகுதியில் வழவழப்பான பலகை ஒன்றைப் போடுங்கள். பலகையைத் தினமும் மாற்றிக் காய வையுங்கள். தொடக்கத்தில் இதுவே வைத்தியம். புண் ஆழமாகிவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தாடை ஈரம், வால்பக்கம் ஈரம்

தாடையின் கீழே முடி எப்போதும் நனைந்து, தோல் வெந்தது போல் இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்கிறது. நார்த் தீனி தின்று தேயாவிட்டால் பல் கோணி வளர்ந்து எச்சில் ஒழுகும். அகலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாலும் தாடை நனையும். நனைந்த முடி சில வேளை பச்சையாகவோ நீலமாகவோ மாறும். ஒருவகைக் கிருமி பூசிய சாயம் அது.

வால்பக்கம் கழிச்சலாலோ சிறுநீராலோ நனைந்திருந்தால் ஆபத்து அதிகம். ஈ வந்து முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் காலையிலும் மாலையிலும் முயலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புழுவைக் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பிறப்புறுப்பைச் சுற்றியும் மூக்கிலும் சேர்ந்தாற்போல் பொருக்கு கட்டினால் அது இணை சேரும்போது பரவும் மேக நோயாக இருக்கலாம். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் ஓர் ஆண் முயல் பண்ணை முழுவதற்கும் பரப்பிவிடும். இணை சேர்க்க இரவல் ஆண் முயல் வாங்குவோர் முதலில் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

உயிரை வாங்கும் மருந்துகள்

முயலின் உடம்பு நாயின் உடம்பு அல்ல, ஆட்டின் உடம்பும் அல்ல. மற்றப் பிராணிகளுக்கு நல்லதாக இருக்கும் மருந்து முயலுக்கு எமனாகலாம்.

முதலாவது, நாயின் உண்ணிக்கு அடிக்கும் பிப்ரோனில் மருந்து. கடையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. இதை முயல்மேல் அடித்தால் சோர்வும் வலிப்பும் வந்து சாகக்கூடும். நான்கு யோசனைகளில் உயிரை வாங்குவது என்று மேலே சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, வாய் வழியாகக் கொடுக்கும் பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின். "புண் ஆறட்டும்" என்று குழந்தைக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைக் கரைத்து ஊற்றுபவர்கள் உண்டு. முயலின் பெருங்குடல் முனையில் நல்ல கிருமிகள் வாழ்கின்றன. தின்ற புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுபவை அவைதாம். இந்த மருந்து அவற்றை அழிக்கும். கெட்ட கிருமி பெருகி நஞ்சு கக்கும். கழிச்சல் கண்டு முயல் செத்துவிடும். மேலே சொன்ன மேக நோய்க்கு டாக்டர்கள் பெனிசிலினைத்தான் ஊசியாகப் போட்டுக் குணப்படுத்துகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரே மருந்து தோலுக்கு அடியில் போனால் உயிர் கொடுக்கிறது, வாய் வழியாகப் போனால் உயிரை எடுக்கிறது.

மூன்றாவது, மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும். பூச்சி சாகிறதோ இல்லையோ, தன்னை ஓயாமல் நக்கிக்கொள்ளும் முயல் அந்த எண்ணெயைத் தின்றுவிடும். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் இரண்டும் பொருக்கை இளக்கும். ஆனால் உடம்பெல்லாம் பூசி வெயிலில் விட்டால் முடி ஒட்டிக்கொண்டு சூடு ஏறும். எண்ணெயை மட்டும் நம்பி மூன்று வாரம் கடத்தினால் அதற்குள் அடுத்த தலைமுறைப் பூச்சி பிறந்துவிடும்.

நான்காவது, குளிப்பாட்டுவது. முயலைத் தண்ணீரில் முக்கினால் மிரட்சியாலும் குளிராலும் அதிர்ச்சி அடையும். பயத்தில் உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு.

மாட்டுக்கு ஆறு, முயலுக்குத் துளி

சொறிக்கு இன்று டாக்டர்கள் பெரிதும் நம்பும் மருந்து ஐவர்மெக்டின். இதன் வரலாறு ஜப்பானில் தொடங்குகிறது. ஒமுரா என்னும் விஞ்ஞானி அங்கே மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் ஒன்றில் இதன் மூலம் கிடைத்தது. அமெரிக்காவில் காம்பெல் என்பவர் அதை ஆராய்ந்தார். 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. பிறகு மனிதர்களின் நோய்களுக்கும் பயன்பட்டது. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து நல்ல மருந்துதான். அளவில்தான் வினை. மாட்டுக்கான குப்பியில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். 300 கிலோ மாட்டுக்குச் சாதாரணமாக 6 மில்லி போடுகிறார்கள். அதே கணக்கில் 2 கிலோ முயலுக்கு எவ்வளவு? ஒரு மில்லியை நூறு பங்காக்கினால் அதில் நான்கு பங்கு. ஊசிக்குழலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத துளி. முயலுக்கு இதைப்போல் இரு மடங்கு போடும் டாக்டர்களும் உண்டு. அப்படியும் பத்தில் ஒரு பங்கு மில்லி வராது. கண் மதிப்பில் "ஒரு மில்லி தானே" என்று போட்டால் வேண்டியதைப் போல் 25 மடங்கு போட்டதாகிவிடும். எனவே முயலை எடை போட்டு, அளவைக் கணக்கிட்டு, டாக்டரே போடுவதுதான் முறை.

ஓர் ஊசியோடு வேலை முடிவதில்லை. மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பத்து முதல் பதினான்கு நாள் கழித்து முட்டை பொரித்த பிறகு மீண்டும் போட வேண்டும். சில முயல்களுக்கு மூன்றாவதும் தேவைப்படும். முதல் ஊசியில் அரிப்பு அடங்கியதும் "குணமாகிவிட்டது" என்று இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் ஒரு மாதத்தில் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். இறைச்சிக்காக வளர்ப்போர், ஊசி போட்ட முயலை எத்தனை நாள் கழித்துத் தின்னலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கூண்டுக்கும் வைத்தியம்

முயலைக் குணப்படுத்திப் பழைய கூண்டிலேயே விட்டால் செலவு அத்தனையும் தண்ணீரில் போட்டதுதான். பூச்சி முயல் இல்லாமலும் சில நாள் உயிரோடு இருக்கும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் இன்னும் நீடிக்கும். காளானின் வித்து மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இரும்புக் கூண்டானால் முயலை அப்புறப்படுத்திவிட்டு, கம்பிகளில் ஒட்டிய முடியைத் தீயால் பொசுக்க வேண்டும். பெரிய பண்ணைகளில் இதற்கு ப்ளோ லாம்ப் வைத்திருப்பார்கள். மரக் கூண்டைக் கொதிக்கும் வெந்நீரால் கழுவி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைக்கலாம். சித்தூர் வெயிலுக்கு இந்த ஒரு நல்ல உபயோகமாவது இருக்கட்டும்! சாக்கு, வைக்கோல், பழைய பலகை இவற்றை எரித்துவிடுங்கள்.

ஒரு முயலுக்கு நோய் வந்தால் அதே கூண்டில் இருந்த எல்லா முயலுக்கும் வைத்தியம் செய்ய வேண்டும். நோயுற்றதைத் தனியே வைத்து, அதற்குக் கடைசியாகத் தீனி போடுங்கள். சந்தையில் புதிதாக வாங்கிய முயலை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்துப் பாருங்கள். பூச்சி முட்டையிலிருந்து பெரிதாகி மறுபடி முட்டையிடுவது ஏறக்குறைய அந்தக் காலத்துக்குள்தான். ஒளிந்திருக்கும் நோய் அதற்குள் வெளியே வந்துவிடும்.

வீட்டுக் குழந்தைகள்

இந்த விஷயத்தை முயல் வளர்ப்போர் பலர் யோசிப்பதே இல்லை. ஓர் அறையில் நான்கைந்து பேர் படுக்கும் வீட்டில் முயலின் நோய் முயலோடு நிற்பதில்லை.

குழந்தைக்கு முன்கையிலும் கழுத்திலும் வட்டமாகப் படை எழுந்தால், "முயல் வளர்க்கிறோம்" என்பதைத் தோல் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குழந்தைக்கு ஒரு பக்கம் குணமாகும், மறுபக்கம் முயலிடமிருந்து மீண்டும் தொற்றும். சார்கோப்டிஸ் பூச்சியும் மனிதர்மேல் ஏறி அரிப்பை உண்டாக்கும். ஆனால் முயலின் பூச்சி மனிதத் தோலில் குடித்தனம் நடத்திப் பெருகுவதில்லை. முயலுக்கு வைத்தியம் செய்துவிட்டால் மனிதரின் அரிப்பு பெரும்பாலும் தானாகவே அடங்கும். காதுச் சொறிப் பூச்சி மனிதரிடம் வருவதில்லை.

முயலைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு ஏற்படுத்துங்கள். சொறி பிடித்த முயலைக் குணமாகும் வரை குழந்தையின் மடியில் விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

திருப்பதியில் 1955இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2005இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் அதே ஊரில் உருவாயிற்று. முயலின் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது கால்நடை டாக்டர்களுக்குப் பெரிய வேலை அல்ல. சுரண்டிய பொருக்கில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டினால் முடியும் செதிலும் கரைந்து, பூச்சியோ காளானோ தனியே தெரியும். ஊகம் வேண்டியதில்லை. சித்தூர்க்காரர்கள் முதலில் உள்ளூர் அரசுக் கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டலாம். பிராணிகளுக்கான நடமாடும் ஆஸ்பத்திரி வண்டிகளை 1962 என்ற போன் எண்ணோடு ஆந்திர அரசு 2022இல் தொடங்கியது.

மொழி தெரியவில்லையே என்று தயங்குபவர்கள் சிலர். தயக்கமே வேண்டாம். தெலுங்கில் முயல் குந்தேலு. காது, செவி. மூக்கு, முக்கு. கால், காலு. பாதித் தெலுங்கு நமக்குத் தெரிந்ததுதான்! சொறிக்கு கஜ்ஜி, அரிப்புக்கு துரத, படர்தாமரைக்கு தாமர. "மா குந்தேலுகு வெண்ட்ருகலு ராலிபோதுன்னாயி" என்றால் "எங்கள் முயலுக்கு முடி கொட்டுகிறது" என்று பொருள். "மேத தினடம் லேது" என்றால் "தீனி தின்னவில்லை."

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. ஒரு நாள் முழுவதும் தின்னாத முயல் ஆபத்தில் இருக்கும் முயல். அதன் குடல் நின்றுவிடும். முடி கொட்டுவது நாலு நாள் பொறுக்கும், தீனி மறுப்பது பொறுக்காது.

காலையில் வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். காற்றோட்டமான கூடையில் கொஞ்சம் புல்லோடு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவரும் முயல் ஆஸ்பத்திரி வாசலிலேயே மூச்சுத் திணறிவிடும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். பின்புறத்தைக் கையால் தாங்கித் தூக்குங்கள். களிம்போ எண்ணெயோ அன்று தடவாதீர்கள். தடவினால் டாக்டருக்குப் பூச்சி அகப்படாது.

டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். முடி முதலில் எந்த இடத்தில் கொட்டியது, எத்தனை நாளாயிற்று, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா? இந்த மூன்றிலேயே பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

முயல் வாயில்லாப் பூச்சி. வலித்தாலும் கத்தாது. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். தின்னுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் கடந்து போய்விடுவோம். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காதின் உள்ளே, மூக்கு நுனி, தாடை, முதுகு, குதிகால், வாலின் அடி என்று ஆறு இடங்களைப் பாருங்கள். தொடக்கத்தில் கண்டால் இரண்டு மூன்று ஊசியில் தீரும் நோய்தான் பெரும்பாலும். கண்டும் காணாமல் விட்டால் முயலும் போகும், கூண்டும் வெறுமையாகும், குழந்தையின் கையில் படை மட்டும் மிஞ்சும்.